பரம்பரையின் பொதுப் பேரேடு

கணக்கு எழுதாத கடையும், பதிவேடு இல்லாத ஆபீஸும் நெடுநாள் நிலைப்பதில்லை என்பது உலகம் அறிந்த உண்மை. பிறப்புக்கு ஒரு பதிவேடு, நிலத்துக்கு ஒரு பதிவேடு, ரயிலில் ஏற்றும் மூட்டைக்கு ஒரு பதிவேடு என்று மனிதன் எல்லாவற்றுக்கும் ஏடு வைத்திருக்கிறான். ஆனால் பெற்றோரிடமிருந்து பெற்றுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் செல்லும் பரம்பரைச் செய்தியில் நேர்ந்த எழுத்துப் பிழைகளுக்கும் ஓர் ஏடு வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு வந்து ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை. அந்த ஏடு எவ்வாறு பிறந்தது, யார் அதைக் காத்து வருகிறார்கள், அதில் நம்மவர்க்கு இடம் உண்டா என்பவற்றை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

"இது வைத்தியர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு எதற்கு?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஒரு தலைமுறைக்கு முன்பு அக்கேள்வி நியாயமாகவே இருந்திருக்கும். இன்றோ பெருநகரத்து ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்கும், பரம்பரை இருதயக் கோளாறுக்கும், கர்ப்பிணிகளின் தலசீமியாச் சோதனைக்கும் மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்கள். பரிசோதனைச் சீட்டு நம் வீட்டு மேஜைக்கே வந்துவிடுகிறது. அச்சீட்டில் காணும் ஒரு மாற்றத்தைத் 'தீங்கானது' என்றோ, 'தீங்கற்றது' என்றோ, 'பொருள் தெளிவில்லை' என்றோ சோதனைச்சாலையார் எழுதுவது பெரும்பாலும் உலகத்தார் கூடிச் சேர்த்து வைத்திருக்கும் பொதுப் பேரேடுகளைப் பார்த்துத்தான். ஏடு பிழைபட்டால் சீட்டும் பிழைபடும். சீட்டு பிழைபட்டால் குடும்பம் தவிக்கும்.

எழுத்தும் பிழையும்

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு பெருநூல். தந்தை வழியில் ஒரு படியும் தாய் வழியில் ஒரு படியுமாக இரண்டு படிகள் நம்மிடம் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். அப்பெருநூலில், உடம்பின் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான கட்டளை எழுதப்பட்ட பகுதியையே மரபணு என்கிறோம். அதில் ஓர் எழுத்து மாறினாலும், விடுபட்டாலும், மிகையாகச் சேர்ந்தாலும் அது மரபணு மாற்றம் எனப்படும்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 'அறம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அரம்' என்று எழுதினால், தருமம் போய் இரும்பை ராவும் கருவி வந்துவிடுகிறது அன்றோ! உடம்பிலும் அப்படியே. அரிவாள் செல் நோய் என்னும் இரத்தச் சோகை, இரத்தத்தின் செம்பொருளாகிய ஹீமோகுளோபினின் அமைப்பு மாறுவதால் வருகிறது என்பதை 1949-ஆம் ஆண்டில் லைனஸ் பாலிங்கும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் நிறுவினார்கள். 1956-57-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் என்பவர், அந்தப் புரதத்தின் ஒரே ஓர் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதில் வாலின் இருக்கிறது என்று காட்டினார். மரபணுவில் 'ஏ' என்ற எழுத்து 'டி' ஆனதன் விளைவு அது. ஓர் எழுத்து மாறியதால், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கிறது.

இந்நோய் நமக்கு அந்நியமானதும் அன்று. 1952-ஆம் ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அரிவாள் செல் தன்மை இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். நாம் இப்போது வாழும் இந்த நாகபுரியும் விதர்ப்பப் பகுதியும் அந்நோய் மிகுந்துள்ள பிரதேசங்களைச் சேர்ந்தவை. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மத்திய அரசு மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் தொடங்கிய அரிவாள் செல் நோய் ஒழிப்பு இயக்கத்தில், பல மாநிலங்களோடு மகாராஷ்டிரமும் தமிழகமும் இடம்பெற்றிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் எல்லா மாற்றமும் நோய் ஆகாது. உலகப் பொதுவாக வைத்திருக்கும் மூலப் பிரதியோடு எந்த மனிதரின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டாலும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபாடு காணும் என்று 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒருவர் மூக்கு மற்றவர் மூக்கைப் போல் இல்லாததைப் போன்ற வெறும் வேற்றுமைகள். இத்தனை லட்சத்தில் குற்றவாளி எது என்று ஒரு வைத்தியர் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க இயலுமா? இயலாது. "இதே மாற்றத்தை இதற்கு முன் யாரேனும் கண்டதுண்டா? கண்டவர் நோயாளியா, ஆரோக்கியமானவரா?" என்று கேட்டால்தான் வழி பிறக்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும் புத்தகமே நாம் கூறும் பேரேடு.

ஏடு பிறந்த வரலாறு

இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் விக்டர் மெக்கூசிக். மனிதரிடம் பரம்பரையாக வரும் குணங்களையும் நோய்களையும் ஒவ்வொன்றாகத் தொகுத்து 1966-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நாளிலேயே அவர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தி அதைத் தயாரித்தார் என்பது வியப்புக்குரியது. 1998-ஆம் ஆண்டு வரை அந்நூல் 12 பதிப்புகள் கண்டது. 1987-ஆம் ஆண்டிலிருந்தே கணினி வழியாகவும் படிக்கக் கிடைத்தது. மெக்கூசிக் 2008-ஆம் ஆண்டில் காலமானார். ஆயினும் ஏடு நிற்கவில்லை. ஆடா ஹமோஷ் என்னும் அம்மையாரின் பொறுப்பில் அது தொடர்ந்தது.

அடுத்து, ஒரே ஒரு நோய்க்கு அல்லது ஒரே ஒரு மரபணுவுக்கு என்று தனித்தனி ஏடுகள் தோன்றின. அடிபட்டால் இரத்தம் உறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஹீமோபிலியா நோயின் 'பி' வகைக்கு, லண்டனைச் சேர்ந்த ஜியானெல்லி முதலானோர் 1990-ஆம் ஆண்டிலேயே மாற்றங்களின் பட்டியலை வெளியிட்டார்கள். விக்டோரியா ராணியின் வம்சத்தில் பரவி ரஷ்ய அரச குடும்பத்தையும் பீடித்த நோய் இவ்வகையைச் சேர்ந்ததே என்று 2009-ஆம் ஆண்டில், ரஷ்ய அரச குடும்பத்தாரின் எலும்புகளைச் சோதித்து முடிவு கண்டனர். அங்கேயும் குற்றம் ஓர் எழுத்தில்தான்.

ஹீமோகுளோபின் மாற்றங்களை வாழ்நாள் முழுவதும் சேகரித்தவர் டைட்டஸ் ஹூயிஸ்மன். அவரும் அவருடைய தோழர்களும் 1996-ஆம் ஆண்டிலும் 1997-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட இரண்டு தொகுப்பு நூல்கள், பின்னர் பல நாட்டு ஆராய்ச்சியாளர் முயற்சியால் 'எச்.பி.வார்' என்ற பெயருடன் எவரும் பார்க்கக்கூடிய கணினிப் பதிவேடாயின. தலசீமியா நோய்க்குச் சோதனை செய்யும் நிலையங்கள் இன்றும் அதைப் பார்க்கின்றன.

இவ்வாறு ஆங்காங்கே சிதறிக் கிடந்த ஏடுகளை ஒன்று சேர்க்க வேண்டும் என்று பாடுபட்டவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்து ரிச்சர்ட் காட்டன். மரபணு மாற்றங்களுக்கென்றே ஒரு பத்திரிகையை 1992-ஆம் ஆண்டில் மற்றோர் அறிஞருடன் சேர்ந்து தொடங்கினார். 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பல நாட்டு விஞ்ஞானிகளை மெல்பர்னில் கூட்டி, 'மனித வேறியம்' எனத் தமிழில் சொல்லத்தக்க ஓர் உலகத் திட்டத்தை ஆரம்பித்துவைத்தார். எந்த நாட்டில், எந்த மூலையில், எந்த நோயாளியிடம் ஒரு மாற்றம் கண்டாலும் அது பொது ஏட்டில் ஏற வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். யுனெஸ்கோ ஸ்தாபனமும் அத்திட்டத்துடன் உறவு பூண்டது. 2015-ஆம் ஆண்டில் காட்டன் மறைந்தார்.

ஒரே பொருளுக்கு இரண்டு எண்

பேரேடு எழுதுவோருக்கு முதல் இடையூறு பெயரிடுவதில் வந்தது. சரக்கு ஆபீஸில் வேலை பார்ப்போர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேகனின் எண்ணை இரண்டு ஸ்டேஷன்களில் இரண்டு விதமாக எழுதிவிட்டால், ஒரு வேகன் இரண்டு வேகன் ஆகிவிடும். சரக்குக்கு உரியவர் அலைந்து திரிவார்.

முன்பு சொன்ன அரிவாள் செல் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய நூல்களில் அது 6-ஆம் இடத்து மாற்றம் என்று இருக்கும். புதிய விதிப்படி அது 7-ஆம் இடம். புரதம் உருவானதும் அதன் முதல் அமினோ அமிலம் வெட்டப்பட்டுவிடுவதால் பழையவர்கள் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை; புதியவர்கள் மரபணுவில் எழுதியிருப்பதை முதலிலிருந்து எண்ணுகிறார்கள். பொருள் ஒன்றே, எண் இரண்டு. இதை அறியாதவர் ஏட்டில் இரண்டு பதிவு போட்டுவிடுவார். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே, எல்லோரும் ஒரே முறையில் எழுதுவதற்கான விதிகளை டென் டன்னன், அந்தொனாரக்கிஸ் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டனர். காட்டன் முதலியோர் தொடங்கிய சங்கம் அவ்விதிகளைப் பேணி வந்தது.

அதுவுமன்றி, மூலப் பிரதியே அவ்வப்போது திருத்தப்படுகிறது. 2009-ஆம் ஆண்டுப் பிரதிக்கும் 2013-ஆம் ஆண்டுப் பிரதிக்கும் இடையே எழுத்துக்களின் இட எண்கள் நகர்ந்துவிட்டன. பாதையை மறுபடி அளந்து கிலோமீட்டர் கற்களை மாற்றி நட்டால், பழைய ரிஜிஸ்டரில் உள்ள ஒவ்வொரு பாலத்துக்கும் புதிய எண் எழுத வேண்டாமா? மரபணுப் பேரேட்டிலும் அந்த வேலை லட்சக்கணக்கான வரிகளுக்கு நடந்தாக வேண்டும். இதை எவரும் கண்டுபிடிப்பு என்று கொண்டாடமாட்டார்கள், பரிசு கொடுக்கமாட்டார்கள். ஆனால் இது நடவாவிட்டால் ஏடு குப்பையாகும்.

பூட்டிய அலமாரி

இரண்டாவது இடையூறு மனிதர் மனத்திலிருந்து வந்தது. மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் குடும்பத்தில் தொடர்ந்து வரக் காரணமான பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் இரண்டும் 1994, 1995-ஆம் ஆண்டுகளில் பிரித்தெடுக்கப்பட்டன. அம்மாற்றங்களைத் தொகுக்க 1995-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஒரு பொது ஏடு திறக்கப்பட்டது. ஆனால் அம்மரபணுக்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்த மிரியட் என்னும் கம்பெனி, அந்நாட்டில் அச்சோதனையை ஏறக்குறைய ஏகபோகமாக நடத்தி வந்தது. 2004-ஆம் ஆண்டையொட்டி, தான் கண்ட மாற்றங்களைப் பொது ஏட்டுக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. பல்லாண்டுகளாக ஆயிரக்கணக்கான பெண்களின் இரத்தத்திலிருந்து கற்ற பாடம் ஒரு கம்பெனியின் அலமாரியில் பூட்டப்பட்டது.

2013-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட், இயற்கையில் உள்ள டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் எவரும் காப்புரிமை கோர முடியாது என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. காப்புரிமை போயிற்று, அலமாரி திறக்கவில்லை. ஆனால் அத்தீர்ப்புக்கு முன்பே டாக்டர் ராபர்ட் நஸ்பாம் என்பவர் ஓர் எளிய வழி கண்டிருந்தார். கம்பெனி ஏட்டைத் தராவிட்டால் என்ன? அது கொடுத்த சீட்டுகள் வைத்தியர்களிடமும் நோயாளிகளிடமும் இருக்கின்றன அல்லவா? பெயரை நீக்கிவிட்டு அவற்றை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினார். அமெரிக்க அரசின் ஆதரவில் 2013-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 'கிளின்வார்' என்னும் பொது ஏட்டில் அவை ஏறின. வீட்டு மேஜையில் கிடந்த காகிதங்கள் சேர்ந்து ஒரு பொதுச் சொத்து உருவாயிற்று!

இதில் கம்பெனியை மட்டும் குறை கூறி முடித்துவிட இயலாது. ஏடு எழுதுபவனுக்கும் வயிறு உண்டு. பிரிட்டன் தீவின் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் டேவிட் கூப்பர் முதலியோர் பராமரித்து வந்த பெரிய மரபணு மாற்றப் பேரேட்டில், புதிய பதிவுகளைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். பழையவை மட்டும் ஆராய்ச்சியாளர்க்கு இலவசம் என்ற ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். சந்தா இல்லாவிட்டால் எழுதுவோர்க்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? சந்தா வைத்தால் ஏழை நாட்டு ஆஸ்பத்திரி எப்படிப் பார்க்கும்? இந்தச் சிக்கல் இன்னும் முழுதும் தீர்ந்தபாடில்லை.

தவறான பதிவு

மூன்றாவது இடையூறே மிகப் பெரியது. ஏட்டில் எழுதியது தவறாக இருந்தால் என்ன செய்வது?

இருதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் திடீரென்று விழுந்து இறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்நோய்க்குக் காரணம் என்று ஏடுகளில் குறிக்கப்பட்டிருந்த சில மாற்றங்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களில் ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுபவை என்று 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிப்படுத்தியது. அம்மாற்றங்கள் இருந்ததைக் கொண்டே, நோய்க் காரணம் கண்டாயிற்று என்று பலருக்குச் சீட்டு கொடுக்கப்பட்டிருந்தது. இத்தவறு எவ்வாறு நேர்ந்தது? முதலில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆரோக்கியமானவர் பட்டியலில் வெள்ளையரே நிறைந்திருந்தனர். கறுப்பினத்தவர் ஒரு சிலரையேனும் சேர்த்திருந்தால் பிழை அப்போதே தெரிந்திருக்கும். ஏட்டில் இடம்பெறாத ஜனங்களின் சாதாரண எழுத்தும் நோயாகத் தோன்றும் என்பது இதனால் பெறப்படும் நீதி.

பிழைகளைத் திருத்தவும் முறையான முயற்சிகள் நடந்துள்ளன. பரம்பரைக் குடல் புற்றுநோய்க்குரிய நான்கு மரபணுக்களின் பதிவுகளைப் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பரிசீலித்து 2014-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏட்டிலிருந்த 12,006 பதிவுகளில் 66 சதவீதத்தின் வகைப்பாடு மாற்றப்பட்டது! மூன்றில் இரண்டு பங்கு திருத்தம் என்றால், திருத்துவோர் இல்லாத ஏட்டின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். அம்முயற்சியில் ஒவ்வொரு பதிவையும் கொடுத்தவருக்கு அதற்குரிய சிறு பாராட்டையும் ஏட்டிலேயே குறித்தார்கள். பெயர் வராத வேலையை எவரும் நெடுநாள் செய்யமாட்டார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கிளின்வார் ஏட்டிலும், ஒரு பதிவை எத்தனை பேர் எவ்வளவு கவனத்துடன் பார்த்தார்கள் என்பதற்கு ஏற்ப நான்கு நட்சத்திரம் வரை குறிக்கிறார்கள்.

இத்திருத்தங்கள் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு நான் அறிந்த ஓர் உதாரணம் கூறுகிறேன். எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவரின் மனைவியாருடைய தாயாரும் சித்தியும் மார்பகப் புற்றுநோயால் வருந்தியவர்கள். அந்த அம்மையாருக்குச் சோதனை செய்ததில், பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அதன் பொருள் தெளிவில்லை என்று சீட்டு வந்தது. முன்னெச்சரிக்கையாக ஆபரேஷன் செய்துகொள்வதா, காத்திருப்பதா? ஊரில் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் சோதனை செய்வதா, செய்தால் பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா? இரண்டு வீடுகளிலும் பல மாதங்கள் இதே பேச்சு. வைத்தியர் நிதானமானவர், பொருள் தெளியாத மாற்றத்தை வைத்துக் கத்தியை எடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஏட்டைப் பார்த்தபோது, அதே மாற்றம் ஆரோக்கியமான பலரிடம் பதிவாகித் தீங்கற்றது என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. குடும்பத்தில் நோய் இருந்திருப்பதால் வருஷந்தோறும் பரிசோதனை மட்டும் இன்றும் தொடர்கிறது. அந்தக் குடும்பத்தின் பாரத்தை இறக்கிவைத்தவர்கள், எங்கோ முகம் தெரியாமல் இருந்து தங்கள் இரத்தத்தைக் கொடுத்தவர்களும் அதை ஏட்டில் ஏற்றியவர்களுமே.

நம் நாட்டு ஏடு

இனி நம் நாட்டைப் பார்ப்போம். உலக ஏடுகளில் நெடுங்காலம் ஐரோப்பிய வம்சத்தாரே மிகுந்திருந்தனர். இந்தியரின் எழுத்துக்களோ தனித்தன்மை வாய்ந்தவை. பல நூற்றாண்டுகளாகச் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே மணம் முடித்து வந்ததால், ஒவ்வொரு சமூகத்திலும் சில மாற்றங்கள் தேங்கி நிற்கின்றன. 2017-ஆம் ஆண்டில் ஹைதராபாத்து விஞ்ஞானி தங்கராஜும் அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக்கும் மற்றோரும் தென்னாசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்ததில், இவ்வகைத் தேக்கம் மிகக் கடுமையாக உள்ளவை 81 என்று கண்டனர்.

இதற்குச் சிறந்த உதாரணம் இருதயத் தசைக்குரிய எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டுப்போகும் மாற்றம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணியும், ஹைதராபாத்து செல், மூலக்கூறு உயிரியல் மையத்துத் தங்கராஜும், வேறு பலரும் சேர்ந்து 2009-ஆம் ஆண்டில் அதைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இத்துணைக் கண்டத்தவரில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் அது உள்ளது. இருதயம் பலவீனப்படும் அபாயத்தை அது கூட்டுகிறது. அதை உடைய எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. ஆயினும் கோடிக்கணக்கான நம் மக்கள் சுமக்கும் ஒரு மாற்றத்தை ஐரோப்பியரை மட்டும் பார்த்து எழுதிய ஏட்டில் தேடினால் கிடைக்குமா?

இக்குறையைப் போக்க இரண்டு பெரும் முயற்சிகள் நடந்தன. மத்திய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டெல்லி, ஹைதராபாத்து நிலையங்கள் 2019-ஆம் ஆண்டில் ஆயிரத்துச் சொச்சம் இந்தியரின் முழு எழுத்தையும் படித்தன. அதில் கண்ட மாற்றங்களை எவரும் பார்க்கும்படி வெளியிட்டன. அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதுவரை உலக ஏடுகளில் காணாதவை! பின்னர் 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 20 ஸ்தாபனங்கள் கூடி உழைத்து, 10,000-க்கு மேற்பட்டோரின் எழுத்தைப் படித்தன. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி அது ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டது. ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையம் அதைக் காத்து வருகிறது.

சார்ஜ் வாங்க ஆள் வேண்டும்

ஏட்டைத் திறப்பது ஒரு நாள் விழா. காப்பது பல தலைமுறை வேலை. ரயில்வேயில் ஒரு குமாஸ்தா மாற்றலாகிப் போகும்போது, ரிஜிஸ்டர்களை எண்ணிக் கொடுத்து, வாங்குபவரிடம் கையெழுத்துப் பெற்றுத்தான் போக வேண்டும். இதைச் 'சார்ஜ்' கொடுத்தல் என்போம். மரபணு ஏடுகள் பலவற்றுக்கு இந்த ஏற்பாடு இருக்கவில்லை. ஒரு பேராசிரியர் தம் ஆர்வத்தால் ஒரு மரபணுவுக்கு ஏடு தொடங்குவார். அவர் ஓய்வு பெற்றதும் அல்லது மானியம் நின்றதும் ஏடு உறங்கிவிடும். புதிதாகக் கண்டுபிடிப்பதற்குப் பணம் கொடுப்போர், பழையதைத் துடைத்து வைப்பதற்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். மெக்கூசிக் தொடங்கிய புகழ்பெற்ற ஏடும்கூட வாசகரிடம் நன்கொடை வேண்ட நேர்ந்தது.

ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்தார் இதற்கு ஒரு வழி செய்தனர். எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஏட்டு அமைப்பு ஒன்றைக் கணினியில் உருவாக்கிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு காப்பாளர் பொறுப்பேற்கிறார். ஒருவர் விலகினால் மற்றொருவர் அதே ஏட்டில் தொடரலாம். எழுதும் முறை ஒன்றே ஆகையால் கைமாறினாலும் கணக்கு கெடுவதில்லை. நம் நாட்டு ஏட்டுக்கும் இத்தகைய தொடர்ச்சி வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து அதைத் திருத்துவதற்கு ஆளும் சம்பளமும் உண்டா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

நாம் செய்யக்கூடியது

விஞ்ஞானிகள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்வார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

ஆஸ்பத்திரியில் மரபணுச் சோதனைக்கு முன் பூர்வீக ஊரையும், சமூகத்தையும், பெற்றோர் உறவுமுறையில் மணந்தவர்களா என்பதையும் கேட்பார்கள். "சாதியை ஏன் கேட்கிறார்கள்?" என்று நம்மவர் முகம் சுளிப்பதுண்டு. இருபது ஆண்டுகளாக நாகபுரியில் இருக்கிறோம் என்று சொல்லி 'மகாராஷ்டிரம்' என்று எழுதிவிடுவோரும் உண்டு. நாம் குடியிருக்கும் ஊர் மாறினாலும் இரத்தத்தின் எழுத்து மாறுவதில்லை. திருநெல்வேலி என்றால் திருநெல்வேலி என்றே சொல்ல வேண்டும்; அத்தையோ மாமனோ எவ்வழி உறவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீட்டைச் சரியாகப் படிக்க அது வைத்தியருக்கு உதவும்.

சோதனைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மாற்றலில் வீட்டுச் சாமான் மூட்டை கட்டும்போது முதலில் தொலைவது காகிதங்கள்தாம். பொருள் தெளிவில்லை என்று வந்தவர்கள் அதைத் தீர்ப்பாகக் கொண்டு அஞ்சவும் வேண்டாம், மறந்துவிடவும் வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டி, ஏட்டில் புதிய பதிவு உண்டா என்று கேட்க வேண்டும்.

ஆராய்ச்சிக்காக இரத்தமும் குடும்ப விவரமும் கேட்டால் விசாரித்துக் கொடுக்கலாம். பெயரை நீக்குவார்களா, யார் யார் பார்க்கக்கூடும், பின்னர் விலகிக்கொள்ள உரிமை உண்டா என்று கேட்பது நம் கடமை. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. பெயரை நீக்கினாலும், ஒரு சிறு சமூகத்தில் அரிய நோயுடையவர் யாரென்று ஊரார் ஊகித்துவிடக்கூடும். ஆதலால் தயங்குவோரைக் குறை கூற இயலாது. வேண்டாம் என்று மறுப்பதும் அவரவர் உரிமையே. ஆனால் கேள்வி கேட்காமலே கதவை அடைத்துவிட்டால், நம் பிள்ளைகளுக்கு வரும் சீட்டுகளில் 'பொருள் தெளிவில்லை' என்ற வரி நெடுநாள் நீங்காது.

எவரோ பெயர் தெரியாத ஒருவர் தம் எழுத்தைப் பொது ஏட்டில் விட்டுச் சென்றதால் இன்று ஒரு தாய் நிம்மதியாக உறங்குகிறாள். நாளை வேறொரு தாய்க்கு அந்நிம்மதியைக் கொடுக்கும் பதிவு நம் வீட்டிலிருந்தும் போகலாம். அதற்குப் பெருஞ்செல்வமோ பெரும்படிப்போ வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லும் மனமும், காகிதத்தைக் காக்கும் கவனமும் போதும். அவ்விரண்டையும் நம் சங்கத்துக் குடும்பங்கள் தவறாமல் கைக்கொள்வனவாக!